ஆகாயத்தில் ஓர் உள்ளிருப்பு

எங்கள் மில் லைன் வீதிக்கு மேலே, பேபியக்காவின் போண்டாக் கடைக்கும் ரேஷன் கடைக்கும் நடுவே, வேப்பமரத்தின் பாதி உயரத்தில், ரங்கநாயகி ஓட்டி வந்த விமானம் ஒரு புரட்டாசிக் காலையில் நின்றது; விழவில்லை, சாயவில்லை, சறுக்கவில்லை, நிறுத்தத்தில் டவுன் பஸ் நிற்பது போல நின்றது, காற்றாடி தன்னால் சுற்றி ஓய்ந்தது, அதன் நிழல் கீழே சாக்கடை மூடிமேல் அசையாமல் படுத்துக்கொண்டது. வேறு ஊராக இருந்தால் ஓடியிருப்பார்கள், கும்பிட்டிருப்பார்கள், டிவிக்காரர்களைக் கூப்பிட்டிருப்பார்கள். எங்கள் வீதியில் வீட்டுக்கு ஒருவராவது மில்லில் நூல் ஓட்டியவர்கள், ஆகவே பார்த்த மாத்திரத்தில் எல்லோருக்கும் விஷயம் விளங்கிவிட்டது. மாவுக்குள் இருந்த கையை எடுக்காமலே பேபியக்கா சொன்னாள்: "ஸ்ட்ரைக்குங்க."

ரங்கநாயகி உள்ளேயிருந்து தலையை நீட்டி ஏணி கேட்டாள். ரேஷன் கடைக்குச் சுண்ணாம்பு அடிக்க வைத்திருந்த மூங்கில் ஏணியைச் சக்கரத்தில் சாய்த்தோம், விமானம் கற்சுவர் போல அதைத் தாங்கிக்கொண்டது. அவள் இறங்கி வந்து பெஞ்சில் உட்கார்ந்து, ஒரு சொம்புத் தண்ணீரைக் குடித்து முடித்துவிட்டுச் சொன்னாள்: என்ஜின் பாடிக்கொண்டுதான் வந்தது, ஒரு குறையும் இல்லை, ஆனால் ஆயில் பிரஷர் காட்டும் முள் பொத்தென்று பூஜ்யத்தில் விழுந்தது, அதன் பின்னாலேயே பெட்ரோல் பிரஷர் காட்டும் முள்ளும் விழுந்தது, முள் விழுந்த நொடியே வண்டி நின்றுவிட்டது. ஐம்பதைத் தாண்டிய வயதில், வருஷக்கணக்காக ராவித் தட்டி முறுக்கிக் கட்டிய விமானத்தில், அவள் முதன்முதலாகப் பறந்தது அன்றைக்குத்தான், அதுவும் ஒரு சினிமாப் பாட்டு ஓடும் நேரம்கூட இல்லை. "பாதிப் பாட்டுல கரன்ட் போன மாதிரி இருக்குதுங்க" என்றாள். அதற்கு மேல் அவள் புலம்பி நாங்கள் பார்க்கவில்லை, ஆனால் அன்றிலிருந்து அவள் தரையைப் பார்த்து நடப்பதை விட்டுவிட்டாள், இரண்டு தடவை சாக்கடையில் கால் வைத்தாள்.

இந்த விமானம் எங்களுக்கு எப்படி வந்தது என்றால், மில்லை மூடியபோது முதலாளிகளுக்கு நிலம் கிடைத்தது, அதிகாரிகளுக்கு நல்ல பெயர் கிடைத்தது, எங்களுக்குக் கழிவுப் பஞ்சு குடோனும் அதற்குள் கிடந்த துருப்பிடித்த இரும்பும் வந்தன. அதை வைத்துக் கூட்டுறவுச் சங்கம் ஆரம்பித்தோம். அப்பளம் போடலாம் என்றார்கள், மெழுகுவத்தி ஊற்றலாம் என்றார்கள், மற்ற மில்காரர்கள் அதையெல்லாம் செய்து அப்பளமும் நமுத்து மெழுகுவத்தியும் உருகிப்போன கதை எங்களுக்குத் தெரியும். ரங்கநாயகிதான் விமானம் என்றாள். அவள் மில்லில் நூல் கோன் சுற்றியவள், பிறகு பம்பு செட்டுக் கம்பெனியில் பம்பு பூட்டியவள், அதன் பிறகு விமானம் ஓட்டக் கற்றுத்தரும் இடத்தில் விமானம் கழுவி, கழுவிய கூலிக்குப் பதிலாக ஓட்டக் கற்றுக்கொண்டவள். விபத்தில் நசுங்கிய ஒரு காரின் என்ஜினை வாங்கி, மில் தகட்டில் இறக்கை அடித்து, நூற்பு மிஷின்களின் போல்ட்டுகளையே போட்டு முறுக்கினோம். வாழ்நாள் முழுக்கக் குனிந்து பார்த்தே வேலை செய்தவர்களிடம் மேலே பார்க்கும் வேலை ஒன்றைக் கொடுத்தால் வேண்டாம் என்று எப்படிச் சொல்வார்கள்?

அந்த மில் இரும்புக்கு ஒரு பழக்கம் உண்டு. எங்கள் கொதிகலனில் முதலாளிக்குப் பிடித்ததை மட்டும் காட்டும் ஒரு கேஜ் இருந்தது, அது எல்லாம் சரி என்று காட்டிக்கொண்டிருந்தபோதே கொதிகலன் வெடித்து பாய்லர் பழனியாண்டிக்கு இரண்டு கண்ணும் போனது. அன்று யூனியன் ஒரு விதி போட்டது: முள் பொய் சொன்னால் இருந்த இடத்தில் இரு, கையை எடு, உண்மை வரும்வரை நகராதே. எத்தனையோ கோரிக்கைகளை எங்களிடமிருந்து பிடுங்கினார்கள், இந்த ஒன்றை மட்டும் எந்த நிர்வாகத்தாலும் பிடுங்க முடியவில்லை. விமானம் செய்தது அதைத்தான். என்ஜின் ஓடும்போது ஓடவில்லை என்று முள் சொன்னது, விமானம் இருந்த இடத்தில் இருந்தது. இரும்புக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று எங்கள் வீதியில் ஒருவரும் கேட்கவில்லை. மனிதர்களுக்கு எப்படி மறந்தது என்றுதான் பின்னால் கேட்க வேண்டி வந்தது.

வீதி விமானத்தைச் சீக்கிரம் தன் வீட்டு ஆளாக்கிக்கொண்டது. இறக்கை நிழலில் பேபியக்கா இன்னும் இரண்டு பெஞ்சு போட்டாள், வாலிலிருந்து வேப்பமரத்துக்குக் கயிறு கட்டிப் பெண்கள் துணி உலர்த்தினார்கள், ரேஷன் க்யூ வெயிலில் நின்று வாடிய காலம் போய் நிழலிலே நின்று அரட்டை அடிக்கும் காலம் வந்தது, கல்யாணம் நிச்சயமான ஜோடிகள் பக்கத்து ஊர்களிலிருந்து வந்து அதன் கீழே நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். மாரியம்மன் சப்பரம் வந்த நாளில் விமானம் மரியாதையாக ஒரு முழம் உயர்ந்து வழி விட்டது, பூசாரி அதற்கும் சேர்த்துச் சூடம் காட்டினார். ஆட்டோ ஸ்டாண்டு யூனியன், துப்புரவுத் தொழிலாளர் யூனியன், அடிதடியில் இரண்டாகப் பிரிந்த தையல் யூனியனின் இரண்டு பாதிகள், எல்லோரும் வந்து சக்கரத்தில் சிவப்பு மாலை கட்டி ஆதரவு தெரிவித்துவிட்டுப் போனார்கள். ஊர்வலத்துக்கு அனுமதி வாங்கினீர்களா என்று கேட்க வந்த போலீஸ்காரர், நகராததை ஊர்வலம் என்று எழுத முடியாமலும், தரையில் இல்லாததை மறியல் என்று எழுத முடியாமலும், நான்கு போண்டா சாப்பிட்டுவிட்டுத் திரும்பினார்.

எல்லாம் நன்றாகத்தான் இருந்தது, ஒரு விஷயத்தைத் தவிர. ஸ்ட்ரைக் என்றால் எதிரே ஒரு நிர்வாகம் இருக்க வேண்டும், இந்த ஸ்ட்ரைக்குக்கு எதிரே இருந்த நிர்வாகம் நாங்கள்.

சங்கத் தலைவர் சென்னியப்பன் மில் இருந்த காலத்தில் யூனியன் செயலாளர், கேட்டில் நின்று பேசினால் நூற்புப் பிரிவின் கடைசி மிஷின் வரை கேட்கும் குரல். அந்தக் குரல் இப்போது கமிட்டி அறையில் உட்கார்ந்து, கட்டுப்பாடு என்றது, நிறுவனத்தின் நலன் என்றது, வெளியார் தூண்டுதல் என்றது. எங்களை வேலையை விட்டு நிறுத்திய மேனேஜர் பேசிய அதே வாசகங்கள், கமா முற்றுப்புள்ளி மாறாமல். வேலைக்குத் திரும்பாவிட்டால் ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று விளக்கம் கேட்டு ஒரு நோட்டீஸ் அடித்து, மைதாப் பசை தடவி, விமானத்தின் வயிற்றில் ஒட்டினார். கமிட்டியில் நான் ஒருவன்தான் எதிர்த்துக் கை தூக்கினேன், தீர்மானத்தில் ஏகமனதாக என்று எழுதிக்கொண்டார்கள். நோட்டீஸ் ஒட்டிய மறுகணம் விமானம் அரை ஏணி உயரம் மேலே போனது.

அடுத்து கோயிலிலிருந்து தேர்வடத்தை இரவல் வாங்கி, சக்கரத்தில் கட்டி, கமிட்டி முழுக்க நின்று இழுத்தது. விமானம் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு நிதானமாக உயர்ந்தது, எல்லோரும் கயிற்றை விட்டார்கள், உபதலைவர் மட்டும் சங்கச் சொத்தை விடக்கூடாது என்று பிடித்துக்கொண்டே போய் ரேஷன் கடைக் கூரையில் இறங்கினார். அங்கிருந்தபடியே, இது தனக்கு முன்பே தெரியும் என்று அறிவித்தார்.

பிறகுதான் அந்தக் காரியம் நடந்தது. மில் ஸ்டோர்ஸில் ஒரு வித்தை உண்டு, தேய்ந்துபோன பேரிங்கை மண்ணெண்ணெயில் கழுவி, வெள்ளிப் பெயின்ட் அடித்து, எண்ணெய்க் காகிதத்தில் சுற்றிப் புதுசு என்று கொடுப்பார்கள், அது உடைந்தால் தொழிலாளி உடைத்தான் என்று எழுதுவார்கள். எங்கள் கமிட்டி ஏணிமேல் ஏணி கட்டி ஏறி, பிரஷரை அளந்து முள்ளுக்குச் சொல்லும் அந்தக் கெட்டுப்போன இரண்டு சென்சாரையும் கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி, வெள்ளிப் பெயின்ட் அடித்தது. ரங்கநாயகி அதைத் தொட மாட்டேன் என்றாள், ஃபிட்டர் துரைசாமி கமிட்டிக்காக ஏணி ஏறினார். அவர் இரண்டாவது சென்சாரைத் திருகி முடிப்பதற்குள் விமானம் அவரோடு சேர்ந்து கிளம்பி வேப்பமர உச்சிக்கும் வெகு மேலே போய் நின்றது. துரைசாமி போகிற வழியிலேயே ஒரு கிளையைப் பிடித்து, கிளை கிளையாக இறங்கி வந்து, சட்டையிலிருந்து எறும்புகளைத் தட்டிக்கொண்டே, "நானும் கருங்காலி ஆகிப் பார்த்துட்டனுங்க, நமக்கு ஒத்துவரல" என்றார். வீதி சிரித்து ஓய ரொம்ப நேரம் ஆனது.

சிரிப்பு ஓய்ந்த பிறகு பார்த்தால் நிழல் போயிருந்தது. விமானம் அவ்வளவு மேலே போனதும் நிழல் ரேஷன் கடைக்குப் பின்னால் எங்கோ விழுந்தது, துணிக் கயிறு அறுந்தது, போட்டோ ஜோடிகள் வரவில்லை, ரேஷன் க்யூ மறுபடி வெயிலில் காய்ந்தது. பேபியக்கா கமிட்டிக்காரர்களுக்கு மட்டும் ஆறிய டீ கொடுத்தாள். சென்னியப்பன் அதைக் குடித்துவிட்டு அறிவித்தார்: தீபாவளிக்குள் பழைய இரும்பு வியாபாரி ஒருவர் கிரேனும் கேஸ் கட்டரும் கொண்டு வருவார், மேலேயே வைத்து இறக்கை வேறு வால் வேறாக அறுத்து இறக்கிவிடுவார், பொதுக்குழு கூடிச் சம்மதம் சொன்னால் போதும்.

பொதுக்குழு வீதியிலேயே கூடியது, விமானம் தலைக்கு மேலே நெடுந்தூரத்தில் ஒரு தும்பி போலத் தெரிந்தது. ரங்கநாயகி எழுந்தாள். அவளுக்கு மேடைப் பேச்சு வராது, பம்பு கம்பெனியில் பழகிய சத்தமான குரல் மட்டும் உண்டு.

"நீங்கெல்லாம் முதலாளி ஆயிட்டீங்க, சந்தோசமுங்க. தொழிலாளின்னு மிச்சம் இருக்கறது மேல நிக்கற அது ஒண்ணுதான். அதையும் அறுத்துப் போட்டுட்டா அப்பறம் யாருக்குங்க முதலாளியா இருப்பீங்க? நான் இன்னும் ஒரு தடவை பறக்கோணும். அதுக்கு அது வேணும், முழுசா வேணும்."

சென்னியப்பன் என்னைப் பார்த்து, "மாசண்ணா, நீங்க அனுபவஸ்தர், நீங்களே சொல்லுங்க" என்றார். அனுபவம் என்று அவர் சொன்னது எனக்கு ஏராளம், ஐந்து கதவடைப்பு, பதினொரு சமரசப் பேச்சு, அத்தனையிலும் கடைசியில் எங்கள் பக்கத்துக்குக் கிடைத்தது ஒரு கைகுலுக்கலும் ஒரு டீயும். அந்த அனுபவத்தில் எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: ஸ்ட்ரைக் செய்கிறவர்களிடம் எல்லோரும் எல்லாம் கேட்பார்கள், என்ன வேண்டும் என்று மட்டும் கேட்க மாட்டார்கள். நான் கமிட்டி நாற்காலியை விட்டு எழுந்து, வீதியின் நடுவே போய் நின்று, கேட் மீட்டிங்கில் கோரிக்கை வாசிப்பது போல மேலே பார்த்து வாசித்தேன்.

"கெட்டுப்போன சென்சாரை மாற்றிப் புது சென்சார் போட வேண்டும்."

விமானம் இறங்கியது. சரசரவென்று இல்லை, கிணற்று வாளி இறங்குவது போல நிதானமாக, வேப்பமர உச்சி வரை.

"ஒன்றை அல்ல. ஆயிலுக்கு ஒன்று, பெட்ரோலுக்கு ஒன்று, இரண்டையும் மாற்ற வேண்டும். பெட்டி பிரிக்காத புது சரக்காக இருக்க வேண்டும்."

இன்னும் கொஞ்சம் இறங்கியது, அங்கேயே நின்றது. வேறு என்ன கேட்கிறது என்று எங்களுக்குத் தெரியவில்லை. இருபது சதம் போனஸ் என்று பின்னாலிருந்து யாரோ கத்தினார்கள், அசையவில்லை. கேன்டீன் என்றார்கள், அசையவில்லை. ஞாயிற்றுக்கிழமை லீவு என்று பேபியக்கா சொன்னதும் ஒரு முழம் இறங்கியது, கூட்டம் முழுக்க விசில் அடித்தது, அதன் பிறகு தலைக்குத் தலை கோரிக்கை சொல்ல ஆரம்பித்தார்கள், மழைக்கோட்டு, மகப்பேறு விடுப்பு, பொங்கலுக்கு வேட்டி சேலை, விமானம் இவற்றையெல்லாம் பெருந்தன்மையாகக் கேட்டுக்கொண்டு நின்றதே தவிர இறங்கவில்லை.

அப்போது ரங்கநாயகி நெற்றியில் தட்டிக்கொண்டாள். அந்த சென்சார் இரண்டையும் என்ஜினின் உடம்பிலேயே திருகியிருந்தோம், என்ஜின் நடுங்குகிற நடுக்கமெல்லாம் அதற்குள் இறங்கி அதன் உயிரை வாங்கியிருக்கிறது, புதுசு போட்டாலும் அதே இடத்தில் போட்டால் அதுவும் ஒருநாள் பொய் சொல்லும் என்றாள். எனக்கு உடனே புரிந்தது. எங்கள் மில்லுக்கு வந்த தொழிற்சாலை இன்ஸ்பெக்டர் ஒவ்வொருவரும் நல்லவராகத்தான் வந்தார், முதலாளியின் கெஸ்ட் ஹவுசில் தங்கினார், முதலாளி வீட்டுக் கோழிக் குழம்பைச் சாப்பிட்டார், முதலாளி சிரித்தால் குலுங்கினார், இருமினால் குலுங்கினார், அப்புறம் எங்கே உண்மை எழுதுவது? மேலே பார்த்துச் சொன்னேன்: "சென்சாரை என்ஜின் மேலிருந்து எடுத்து, என்ஜினுக்கும் ஓட்டுகிறவருக்கும் நடுவில் உள்ள தடுப்புத் தகட்டில் தனியாக உட்கார வைத்து, ரப்பர் குழாய் வழியாகப் பிரஷரை அதனிடம் கொண்டுவர வேண்டும். சாட்சி சொல்கிறவன் எஜமான் மடியில் உட்காரக் கூடாது."

விமானம் ஏணி எட்டும் உயரத்துக்கு இறங்கி வந்து நின்றது, நிழல் தன் பழைய இடத்துக்கு வந்து க்யூவின் மேல் விழுந்தது.

ஒப்பந்தம் அங்கேயே எழுதப்பட்டது. முத்தரப்பு என்றால் அரசாங்கம் ஒரு தரப்பு வேண்டும், கண்ணுக்கு எட்டிய தூரத்தில் ரேஷன் கடை எடையாளர்தான் அரசாங்கம், அவரை அழைத்து வந்து உட்கார வைத்தோம். சென்னியப்பன் கையெழுத்துப் போடத் தயங்கினார். இதை ஒப்புக்கொண்டால் நாளைக்குத் தையல் மிஷினும் கேட்கும், ஸ்கூட்டரும் கேட்கும் என்றார். கேட்கட்டுமே என்றது கூட்டம். அவர் போட்டார். காகிதத்தை ஒரு பலகையில் வைத்து உயர்த்திப் பிடித்தோம், முன்சக்கரம் ஒரு சாண் இறங்கித் தன் தடத்தை அழுத்திப் பதித்துவிட்டு மேலே போனது.

மறுநாள் காலையிலிருந்து ரங்கநாயகி ஏணியில் நின்று வேலை செய்தாள். துரைசாமி கீழிருந்து ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தார், கேட்காத ஸ்பேனரையும் கொடுத்தார். தடுப்புத் தகட்டில் ஒரு பித்தளைக் கட்டையைப் பூட்டி, அதில் பெட்டி பிரித்த புது சென்சார் இரண்டையும் திருகி, குழாய் இழுத்து, ஒயர் கொடுத்து, உள்ளே ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினாள். என்ஜின் பிடித்தது. காற்றாடி சுழன்ற வேகத்தில் வீதியின் சேலைகள் அத்தனையும் கொடியை விட்டுப் பறந்தன, தேர்தல் போஸ்டர்கள் உரிந்து ஓடின, உபதலைவரின் துண்டு மறுபடி ரேஷன் கடைக் கூரைக்குப் போனது, என்ஜின் அப்படிப் பாடியது. முள் பூஜ்யத்தில் இருந்தது. விமானம் ஓர் அங்குலம் நகரவில்லை.

சென்னியப்பனின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்ததை நான் பார்த்தேன். ஒப்பந்தத்தை அது மீறிவிட்டது, கிரேனைக் கூப்பிடு என்று அவர் வாய் திறப்பதற்குள், என்ஜினை நிறுத்திவிட்டு, ஏணிக்கு இறங்கி, குனிந்து அந்தப் பித்தளைக் கட்டையையே பார்த்துக்கொண்டிருந்த ரங்கநாயகி சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துச் சிரித்து ஏணி ஆடியது.

எங்கள் ஊர் பம்பு ஊர். இங்கே பிறந்தவர்கள் கண்ணில் ஒரு திருகு மரை பட்டால் கை தானாகப் போய் அதன்மேல் வெள்ளை டேப்பைச் சுற்றிவிடும், தண்ணீர் கசியக் கூடாதே. அந்த சென்சாருக்கு ஒயர் ஒன்றுதான், மின்சாரம் திரும்பிப் போகிற வழி அதன் மரைதான், இரும்போடு இரும்பு தொட்டால்தான் அது பேசும். அவள் இரண்டு மரையிலும் கனமாக டேப் சுற்றி வாயைக் கட்டியிருந்தாள்.

"பாருங்க மாசண்ணா, எங் கைதான்" என்றாள். "கம்பெனிய விட்டு வந்து எத்தன வருசம் ஆச்சு, கை இன்னும் அவனுக்கே வேல செய்யுது, சம்பளங்கூட இல்லாம."

இரண்டு சென்சாரையும் கழற்றி, டேப்பை நுனி பிடித்து உருவினாள். அது வெள்ளையாக, நீளமாக, முடிவில்லாமல் வந்தது, காற்று அதைப் பிடுங்கி வேப்பமரத்தைச் சுற்றிக் கட்டியது, கீழே நின்றவர்கள் கை தட்டினார்கள். வெறும் மரையோடு திருகி, அடியில் செப்பு வளையம் போட்டு இறுக்கி, மறுபடி ஏறி உட்கார்ந்தாள். சாவியைத் திருப்பினாள். ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி எங்களுக்கெல்லாம் கேட்கும்படி சொன்னாள்: "எந்திரிச்சிருச்சுங்க."

முள் எழுந்த நொடியே விமானம் நகர்ந்தது. ஓடுதளம் கேட்கவில்லை, ஓட்டம் கேட்கவில்லை, நின்ற இடத்திலிருந்து நேராகப் போனது, பேபியக்காவின் புகைக்கூண்டைத் தாண்டி, மூடிய மில்லின் மேல் முளைத்த அடுக்குமாடி வீடுகளைத் தாண்டி, அங்கே மாடியில் நின்று செடிக்குத் தண்ணீர் விட்டவர்கள் கையில் வாளியோடு திரும்பித் திரும்பிப் பார்க்க, வட்டமடித்து, சாய்ந்து, மறுபடி வட்டமடித்தது. ரங்கநாயகி ஒரு கையை வெளியே நீட்டிக் காற்றைப் பிடித்துக்கொண்டு போனாள். இறங்கும் எண்ணமே அவளுக்கு இருப்பதாகத் தெரியவில்லை.

கீழே சென்னியப்பன் அண்ணாந்தபடி நின்றார். அவர் கழுத்து நரம்பு புடைத்தது, கை தன்னால் மேலே போனது, மில் கேட்டில் கேட்ட அந்தப் பழைய குரல் அவரிடமிருந்து வெளியே வந்தது: "வென்றது வென்றது, போராட்டம் வென்றது." கமிட்டி முழுக்கத் திருப்பிச் சொன்னது, உபதலைவர் கூரையில் துண்டை எடுக்கப் போன இடத்திலிருந்து சொன்னார், துரைசாமி ஸ்பேனரை உயர்த்திச் சொன்னார், மூன்றாம் முறை சொல்லும்போதுதான் சென்னியப்பனுக்கு, தோற்றது தாங்கள்தான் என்பது உறைத்தது போலிருக்கிறது, என்னைத் திரும்பிப் பார்த்து ஒரு கணம் விழித்தார், பிறகு இன்னும் சத்தமாகக் கத்தினார். நானும் கத்தினேன். தொழிலாளியாக நான் தோற்ற தடவைகளுக்குக் கணக்கில்லை, முதலாளியாகத் தோற்றது அந்த ஒரு நாள்தான். அது இவ்வளவு சுகமாக இருக்கும் என்று தெரிந்திருந்தால், எங்கள் முதலாளிகள் எப்போதோ தோற்றிருப்பார்கள்.